செவியின் உள்ளோசை

காரைக்குடியைச் சூழ்ந்த செட்டிநாட்டு ஊர்களில் பழைய பெருவீடுகள் பல உள. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடியும் அவ்வீடுகளின் சுவர்கள் மிகத் தடித்தவை. உரியவர் பலர் வெளியூர்களில் வாழ்தலின், ஆண்டின் பெரும்பகுதி அங்கே ஆளரவம் இராது. அத்தகைய வீடொன்றில் ஓரிரவு தங்கியிருந்தேன். சில்வண்டுகள் ஓயாது ஒலித்தன, உறக்கம் வரவில்லை. காவலிருந்த முதியவரை அழைத்து, "சாளரங்களைச் சாத்திவிடுங்கள்" என்றேன். "எல்லாம் சாத்தித்தான் இருக்கின்றன, ஐயா. வண்டுச் சத்தம் ஒன்றும் கேட்கவில்லையே!" என்றார் அவர். அப்பொழுது எனக்கு 58 வயது. ஒலித்த வண்டு என் செவிக்குள்ளேயே இருந்தது.

புறத்தே ஒலி இல்லாதபோதும் செவியிலோ தலையிலோ ஓசை கேட்பதைச் செவியிரைச்சல் என்பர். அது தனியொரு நோயன்று, வேறொன்றன் அறிகுறி. நம் நாட்டு மருத்துவர் இதனைப் பண்டே அறிந்திருந்தனர். மாதவ நிதானம் என்னும் வடமொழி மருத்துவ நூல், முரசு, மத்தளம், சங்கு போலக் கேட்பதனை ஒரு பெயராலும், வேய்ங்குழல் போலக் கேட்பதனை மற்றொரு பெயராலும் குறித்தது. ஆள்தோறும் ஓசை வேறுபடும் என்பது இதனால் விளங்கும். ஒரே மனிதர்க்கும் அது காலந்தோறும் வேறுபடும். என் செவியில் வண்டாய்த் தொடங்கியது, ஈராண்டு கழிந்தபின் ஒரு நாள் சங்காயிற்று. சில நாள் இரண்டும் சேர்ந்தொலித்தன. அம்மாறுதலே என்னைப் பெரிதும் அச்சுறுத்தியது.

மாறுதலின் காரணத்தை அறியச் செவியின் அமைப்பை நோக்குவோம். உட்செவியில் நத்தை ஓடு போலச் சுருண்ட குழல் ஒன்று உளது. அதனுள் ஏறத்தாழ 15,000 மயிரணுக்கள் வரிசையாய் நிற்கின்றன. குழலின் வாயிலில் நிற்பவை கூரிய ஒலியையும், உள்ளே நிற்பவை தாழ்ந்த ஒலியையும் ஏற்கும். முதுமையாலும் பேரொலியாலும் பெரும்பாலும் முதலிற் கெடுபவை வாயிலில் நிற்பவையே. கெட்டவை மீண்டும் முளைப்பதில்லை. கோழிக்கு அவை மீள முளைக்கின்றன. மனிதர்க்கு அப்பேறு இல்லை! என் போன்ற தமிழாசிரியர்க்கு இதனால் ஓர் இடர் உண்டு. மாணவர் ஒப்பிக்கும்போது உயிரொலிகள் தெளிவாய் வந்து சேரும். வல்லின மெய்களின் நுண்ணோசை வழியில் நழுவிவிடும்.

செவியிலிருந்து வரவேண்டிய செய்தி குறைந்தால் மூளை வாளா இராது. வானொலிப் பெட்டியில் நிலையம் அகப்படாதபோது திருகை முறுக்கினால் இரைச்சலே மிகும் அன்றோ? அதுபோல மூளையும் தன் கூர்மையை மிகுதிப்படுத்த, இல்லாத ஓசை எழுகின்றது என்பது இக்கால அறிஞர் பலர் கொள்கை. ஆகவே, கேள்வித்திறன் குறையும் பகுதி மாறின் ஓசையின் சுருதியும் மாறலாம். சளி பிடித்தாலும், குறும்பி திரண்டு அடைத்தாலும், உறக்கம் கெட்டாலும், கவலை மிக்காலும் ஓசை வேறுபடும். சிலர்க்குப் பல்லைக் கடித்த அளவிலேயே அது உயரும். அருவியிலோ குழாயடியிலோ நீராடி வந்தபின் சிறிது நேரம் அடங்கியிருப்பதும் உண்டு.

அமைதியோ அதனை வளர்க்கும். 1953இல் ஹெல்லர், பெர்க்மன் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இருவர், செவிக்குறை இல்லாத 80 பேரை ஒலி புகாத அறையில் இருத்தினர். அவருள் 75 பேர் ஏதோ ஓர் ஓசை கேட்டதாகக் கூறினர்! செட்டிநாட்டு வீட்டின் தடித்த சுவர்கள் எனக்குச் செய்ததும் அதுவே. ஓசையை அவை படைக்கவில்லை, வெளிப்படுத்தின. அதற்குச் சில ஆண்டு முன்பு, 1942இல், பவுலர் என்னும் மருத்துவர், நோயாளர் 'பேரிரைச்சல்' என முறையிட்டதைக் கருவியொலியோடு ஒப்பிட்டு அளந்தார். அது பெரும்பாலும் மெல்லிய ஒலிக்கே ஈடாயிற்று.

காரைக்குடியில் கண்டாங்கிச் சேலை நெய்யும் இல்லங்களில் தறியோசைக்கு அருகிலேயே குழந்தை உறங்கும். தறி நின்றால் விழித்துக்கொள்ளும். தீங்கில்லை என்று தேர்ந்த ஓசையை மனம் கேளாது விடப் பழகுகின்றது. செவியிரைச்சல் உடையாருள் மிகப் பலர்க்கும் நாளடைவில் நிகழ்வது இதுவே. ஓசை மறைவதன்று; அதன்மேல் வைத்த கருத்து தளர்கின்றது. மருத்துவர் என்னைச் சோதித்து இதனை விளக்கியபின், சங்கு ஒலித்த நாளிலும் உறங்கினேன்.

எல்லா மாறுதலையும் இங்ஙனம் விட்டுவிடலாகாது. ஓசை நாடித்துடிப்போடு ஒத்து அடித்தாலும், ஒரு செவியில் மட்டும் நிலைத்தாலும், தலைச்சுற்றலோடு வந்தாலும் மருத்துவரைக் காண்க. திடீரெனக் கேள்வி குன்றின், அன்றே செல்க. நாள் கடத்தின் மருந்து பயன்படாது போகலாம். செக் நாட்டு இசைப்புலவர் ஸ்மெட்டனா 1874இல் சில திங்களுக்குள் முற்றும் செவிடானார். 1876இல் அவர் இயற்றிய நால்வர் நரம்பிசையின் இறுதிப் பகுதியில், மகிழ்ச்சியான ஆடலிசை சட்டென அறுபட, கூரிய தனிச்சுரம் ஒன்று நீண்டொலிக்கும். அவர் செவியில் கேட்ட ஓசையின் வடிவம் அது.

மாறுதல்களுள் மிகவும் வஞ்சகமானது ஒன்று உண்டு. அது இளமையில் வருவது. எனக்கு 20 வயது நடந்தபோது, ஓர் ஊர்த் திருவிழாவில் அதிர்வேட்டுக்கு அருகே நின்றேன். இரண்டு நாள் செவி கூவிற்று. மூன்றாம் நாள் அடங்கிற்று. செவி நலமாயிற்று என்று எண்ணி அதனை மறந்தேன். 2009இல் எலிகளைக் கொண்டு ஆராய்ந்தோர், கேள்வித்திறன் மீண்ட பின்னும் நரம்பின் இணைப்புகள் பல மீளாதிருக்கக் கண்டனர். கூவல் நின்றது கொண்டு கேடு நீங்கிற்று எனத் துணிய இயலாது. 85 டெசிபல் ஒலியை எட்டு மணி நேரம் பொறுக்கும் செவி, 100 டெசிபலைக் கால் மணி நேரமே பொறுக்கும் என அமெரிக்கத் தொழில்நல நிறுவனம் வரையறுத்துளது. மாணவர்களே, நீங்கள் இயர்போன் வழியே பாட்டுக் கேட்கும்போது, அருகில் நிற்பவர் வழக்கமான குரலில் பேசுவது உங்களுக்குக் கேட்கின்றதா? கேளாதாயின் ஒலியைத் தாழ்த்துங்கள்.

இப்பாடத்தை எழுதத் தொடங்கிய மாலையில் வண்டோ சங்கோ என் செவியில் இல்லை, எழுத்தில் ஆழ்ந்திருந்தேன். அதனைப் பற்றி நினைத்த இவ்வளவில், இதோ, வண்டு வந்துவிட்டது.