கொண்டை ஊசி வளைவும் பெட்ரோல் குழாயும்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் போகும் மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 280 மீட்டரில் இருக்கும் நகரத்தை விட்டு, ஒரு மணி நேரப் பிரயாணத்தில் 1,500 மீட்டர் உயரத்துக்கு வண்டியை ஏற்றிவிடும் அந்தப் பாதையைப் பற்றி, சேர்வராயன் மலைக்குப் போய்வரும் கார்க்காரர்களிடையே பலவித அபிப்பிராயங்கள் உலவுவதில் ஆச்சரியமில்லை. டர்போ கார்கள் பெருகிய பிறகு அவற்றோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. "டர்போ வண்டியா சார்? மலை ஏறணும்னா ஃப்யூவல் லைனைப் பெரிசாப் போட்டு, ஃபில்டரையும் ஃப்ரீ ஃப்ளோவா மாத்திடுங்க, அப்புறம் பாருங்க!" என்று உபதேசிக்கிறவர்கள் அநேகர்.

இந்த உபதேசத்துக்கு ஒரு பூர்விகம் உண்டு. அம்பாசிடரும் பிரீமியர் பத்மினியும் ஓடிய நாட்களில், எஞ்சினோடு ஒட்டியிருந்த பம்ப், பின்னாலிருக்கும் டாங்கியிலிருந்து பெட்ரோலை உறிஞ்சி கார்புரேட்டருக்குக் கொடுத்தது. ஏற்றத்தில் எஞ்சின் கொதிக்க, உயரம் கூடக் கூடக் காற்றழுத்தமும் குறைய, குழாய்க்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகி வழியை அடைத்துக்கொள்ள, வண்டி வளைவில் நின்றுவிடும். டிரைவர் பானெட்டைத் தூக்கி, பம்பின்மேல் ஈரத்துணியைச் சுற்றிவிட்டு, சூடு தணியும் வரை காத்திருப்பார். மலையில் பெட்ரோல் வரத்துக் குறையும் என்பது அன்றைக்கு மெய்யான அநுபவமே. இன்றைய காரிலோ பம்ப் டாங்கிக்குள் மூழ்கியிருந்து, சாதாரணமாக மூன்று பாருக்கு மேற்பட்ட அழுத்தத்தில் பெட்ரோலை முன்னே தள்ளுகிறது. அவ்வளவு அழுத்தத்தில் அது சுலபத்தில் ஆவியாவதில்லை. வியாதி போய்விட்டது, மருந்து மாத்திரம் வேறு பெயரில் விற்பனையாகிறது.

மேலே காற்று இளைத்திருப்பதால் அதை ஈடுகட்ட எரிபொருள் அதிகம் வேண்டும் என்பது அடுத்த நம்பிக்கை. சேலத்தைவிட ஏற்காட்டில் காற்றழுத்தம் சுமார் ஏழில் ஒரு பங்கு குறைவு என்பது வாஸ்தவந்தான். ஆனால் எரிபொருள் காற்றின் அளவுக்குத் தக்கபடி செலுத்தப்படுவது, காற்றுக்குப் பதிலாகச் செலுத்தப்படுவது அன்று. காற்றுக் குறையை நிரப்புவதே டர்போவின் வேலை. 1918-ல் அமெரிக்காவில் சான்ஃபோர்ட் மாஸ் என்ற நிபுணர், லிபர்ட்டி என்ற விமான எஞ்சினைச் சுமார் 4,300 மீட்டர் உயரமுள்ள பைக்ஸ் பீக் சிகரத்துக்கு ஏற்றிச் சோதித்தார். தரையில் 350 குதிரைசக்தி காட்டிய எஞ்சின் சிகரத்தில் 230-க்கு இறங்கி, டர்போ பூட்டியதும் 356-க்கு உயர்ந்தது. ஏற்காட்டில் ஏறும் டர்போவும் சற்று வேகமாகச் சுழன்று இதே காரியத்தைத்தான் செய்கிறது. ஆகவே, எவ்வளவு செங்குத்தான வளைவானாலும், சமவெளியில் முழு வேகத்தில் எஞ்சின் குடிக்கும் அளவுக்கு மேல் அது கேட்பதில்லை.

அந்த அளவுதான் எவ்வளவு? நூறு குதிரைசக்தியுள்ள டர்போ பெட்ரோல் எஞ்சின், ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்தாலும், மணிக்குச் சுமார் முப்பது லிட்டர், அதாவது நிமிஷத்துக்கு அரை லிட்டர்தான் செலவழிக்கும். ஆறு மில்லிமீட்டர் உட்துளையுள்ள குழாயில் இது விநாடிக்கு ஓர் அடி வேகத்தில் நகர்ந்தால் போதும். இந்தக் குழாயை இரட்டிப்பாக்கி என்ன பிரயோஜனம்? டர்போவையே மாற்றி, சக்தியை ஏறக்குறைய இரண்டு மடங்காக்க முனைகிறவர்களுக்கும் முதலில் போதாமற்போவது பம்பும் இன்ஜெக்டரும்; குழாயின் முறை கடைசியில் வரும்.

குழாயை மாற்றுவதற்கு வேறு நியாயமான காரணங்கள் உண்டு. இப்போது நம் பெட்ரோலில் இருபது சதவிகிதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். பழைய வண்டியின் ரப்பர் ஹோஸ்கள் அதற்கென்று செய்யப்பட்டவை அல்ல. மாற்றும்போது ஹோஸின்மேல் அச்சிட்டிருக்கும் எழுத்தைப் பார்க்க வேண்டும்: எஸ்.ஏ.இ. 30ஆர்7 என்றிருந்தால் கார்புரேட்டர் வண்டியின் தாழ்ந்த அழுத்தத்துக்கு உரியது. இன்ஜெக்ஷன் வண்டிக்கு 30ஆர்9 வேண்டும். பளபளக்கும் எஃகு வலை போர்த்திய ஹோஸ் என்றென்றைக்கும் தாங்கும் என்று நம்புவதும் தவறு. உள்ளே இருக்கும் ரப்பர் வெடிப்பதை அந்த வலை கண்ணுக்கு மறைத்துவிடும். போதாததற்கு, பக்கத்தில் உரசும் வயரையும் பிளாஸ்டிக் குழாயையும் அறுத்துவிடும்.

ஃபில்டர் விஷயத்தில்தான் உண்மையான நஷ்டம். கழுவிக் கழுவி உபயோகிக்கலாம் என்று விற்கப்படும் எஃகு வலை ஃபில்டர்களில் பல, 100 மைக்ரான் துளையுள்ளவை. பம்புக்கு முன்னே கரடுமுரடான தூசியைப் பிடிக்க அவை உதவும். பம்புக்குப் பின்னே பெட்ரோலுக்குப் பத்து மைக்ரான் ஃபில்டராவது வேண்டும். டீசலுக்கோ இன்னும் நுண்ணியது. காமன் ரெயில் டீசல் இன்ஜெக்டருக்குள் நகரும் உறுப்புகளின் இடைவெளியே சில மைக்ரான்தான் என்கிறபோது, தலைமுடியைவிடப் பருத்த துகளை உள்ளே விடும் ஃபில்டரை 'பெர்ஃபார்மன்ஸ்' என்று எப்படிச் சொல்வது? மேலும், இன்றைய பெட்ரோல் கார்கள் பலவற்றில் ஃபில்டர் பம்போடு சேர்ந்து டாங்கிக்குள்ளேயே இருக்கிறது. வெளியே ஒன்று பொருத்தக் குழாயை வெட்டினால், கசிவதற்குப் புதிதாக இரண்டு ஜாயின்ட்டுகளை உண்டாக்குகிறோம்.

டீசல் ஃபில்டருக்கு ஜலத்தைப் பிரிக்கும் வேலையும் உண்டு. பாதி காலியான டிரம்மில் டீசலைச் சேமித்து ஊற்றுகிறவர்கள், மலையின் குளிர்ந்த இரவுகளில் உள்ளிருக்கும் ஈரக்காற்று துளித்துளியாகப் படிந்து டீசலோடு சேர்வதை மறக்கலாகாது. ஃபில்டரின் அடியிலுள்ள திருகைத் தளர்த்திக் கொஞ்சம் டீசலைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து, சற்று நேரம் அசையாமல் வைத்தால், ஜலம் அடியில் தனியே பிரிந்து நிற்பது தெரியும். அப்படித் தெரிந்தால் வடித்துவிட வேண்டும். ஃபில்டரை மாற்றினாலோ, லைனுக்குள் புகுந்த காற்றைக் கைப்பம்பால் வெளியேற்றிய பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

பெட்ரோல் வண்டியில், பம்பின் ஃப்யூஸைக் கழற்றி, எஞ்சின் தானாக அணையும் வரை ஓடவிட்டு அழுத்தத்தைத் தணித்த பின்பே குழாயில் கை வைப்பது முறை. டீசல் வண்டியின் ரெயிலுக்குப் போகும் எஃகுக் குழாய்களை மாத்திரம், எஞ்சின் ஓடும்போது ஒருபோதும் தளர்த்தக் கூடாது. ஆயிரம் பாருக்கு மேற்பட்ட அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும், காயம் ஊசி குத்தியதுபோல் சிறிதாகத் தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும்.