ஒரே மூச்சில் எண்ணச் சொல்லுங்கள்

ஏர்வாடி தர்காவுக்கு வந்து மணலிலும் திண்ணையிலும் பாய் விரித்துத் தூங்குகிறவர்களில் சிலர், விடியற்காலையில் ராமநாதபுரத்தில் எங்கள் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வந்து சேர்வார்கள். வயிறு வலிக்கிறது, எச்சில் விழுங்க முடியவில்லை என்பார்கள். கடிவாய் எதுவும் தெரியாது. இமை மட்டும் பாதி இறங்கியிருக்கும். எங்களுக்கு முதல் சந்தேகம் கட்டுவிரியன்தான்.

இந்த விஷம் நரம்பும் தசையும் சேரும் இடத்தில் வேலை செய்கிறது. அதனால் ரத்தம் உறைகிறதா என்று பார்க்கும் 20 நிமிடச் சோதனை சரியாகவே வரும். அதை நம்பி ‘பாம்புக்கடி இல்லை’ என்று விட்டுவிடக் கூடாது. பயிற்சி மருத்துவர்களுக்கு நான் முதலில் கற்றுத்தருவது காசு செலவில்லாத ஒன்று: நோயாளியை மூச்சை நன்றாக இழுத்து, ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்லுங்கள். முதலில் 25 வரை எண்ணியவர் அரை மணியில் 14-இல் நின்றுவிட்டால், ஆக்சிஜன் அளவு 98 காட்டினாலும் குழாய் போட ஆயத்தமாகுங்கள்.

இந்த எண்ணிக்கையைக் கூடவே இருந்து பார்ப்பவர் சிஸ்டர். “சார், இப்ப 14தான் வருது” என்று அவர் கூப்பிட்டால் டாக்டர் போனில் பதில் சொல்லக் கூடாது, படுக்கைக்கு வரவேண்டும். எவ்வளவு பெரிய டாக்டராக இருந்தாலும் சரி. விஷமுறிவு மருந்து 10 குப்பி ஏறும்போது ஒவ்வாமை வரலாம். ‘யாராவது அட்ரினலின் எடுங்க’ என்றால் யாரும் எடுக்கமாட்டார்கள். பெயர் சொல்லிக் கேளுங்கள். கேட்டவர் “அட்ரினலின் அரை மில்லி, தொடையில்” என்று திருப்பிச் சொல்லட்டும், போட்டதும் “போட்டாச்சு” என்று உரக்கச் சொல்லட்டும். இதைப் புத்தகத்தில் படித்தால் வராது. டாக்டரும் சிஸ்டரும் டெக்னீஷியனும் ஒன்றாக நின்று ஒத்திகை பார்க்க வேண்டும்.

1952-இல் கோபன்ஹேகனில் போலியோ பரவியபோது, தொற்றுநோய் மருத்துவமனையின் தலைமை மருத்துவர் லாசன், மயக்க மருந்து நிபுணர் பியோர்ன் இப்சனை உதவிக்குக் கூப்பிட்டார். மூச்சுவிட முடியாதவர்களுக்குத் தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்து, ஏறத்தாழ 1500 மாணவர்கள் முறைவைத்துக் கையால் பை அழுத்தி உயிர்களைக் காத்தார்கள். ஒரு துறைக்காரர் இன்னொரு துறைக்காரரைத் தேடிப்போனதில் பிறந்ததுதான் தீவிர சிகிச்சை என்ற நம் துறை. இன்று அதற்கென்றே டிஎம் படிப்பு வந்துவிட்டது. படித்துவிட்டு வருகிறவரும் அப்படிக் கூப்பிடத் தயங்கக் கூடாது.

எங்கள் ஊரில் மனநல மருத்துவரையும் நான் இந்தக் குழுவில் சேர்ப்பேன். 2001 ஆகஸ்ட் 6 அன்று மனநலக் காப்பகத்தில் நேர்ந்த தீவிபத்தில், சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேரை இழந்த ஊர் ஏர்வாடி. அங்கிருந்து பேச்சில்லாமல் வருகிறவரை ‘மனநோயாளி’ என்று எழுதிவிட்டால், பிறகு யாரும் இமையைப் பார்ப்பதில்லை. “நேற்று ராத்திரி வாப்பா நல்லாப் பேசிக்கிட்டுதானே இருந்தாங்க” என்று மகள் சொல்வதைக் கேளுங்கள். அந்த ஒரு வரியில் நோயின் வயது தெரிந்துவிடும்.

இன்னொன்று. கட்டுவிரியன் கடித்தவருக்குக் கண்மணி விரிந்து அசையாமல் நிற்கலாம். மூளை இறந்துவிட்டதென்று முடிவு கட்டாதீர்கள். வென்டிலேட்டரில் கிடக்கும் அவருக்கு நாம் பேசுவதெல்லாம் கேட்கும். டூட்டி மாறும்போது நோயாளியின் தலைமாட்டில் நின்று அவர் பெயரைச் சொல்லி, “சில நாள்தான், கை கால் திரும்ப வந்துவிடும்” என்று சொல்லிவிட்டுத்தான் எங்கள் குழு கேஸ் ஷீட்டைத் திறக்கிறது.