விழுந்த பெரியவரை நடக்கவிடலாமா?

வெளிநோயாளர் பிரிவில் நாங்கள் அடிக்கடி கேட்கும் வாக்கியம் ஒன்று உண்டு: "இனிமேல் அம்மாவை எழுந்திருக்கவே விடமாட்டோம், டாக்டர்." குளியலறையில் வழுக்கி விழுந்து, நல்லவேளையாக எலும்பு முறியாமல் தப்பிய தாயை அழைத்துவந்த மகனோ மருமகளோ சொல்லும் சொல் அது. அதிலுள்ள அன்பில் எங்களுக்கு ஐயமில்லை. ஆயினும், அம்முடிவால் விளையும் தீங்கு சில வேளைகளில் விழுந்ததால் விளைந்ததைவிடப் பெரிதாகிவிடுகிறது.

நலமாக இருந்த முதியவர்களை 10 நாள்கள் படுக்கையிலேயே இருக்கச் செய்து நடத்திய ஆய்வு ஒன்று 2007இல் வெளியானது. அந்தப் பத்து நாள்களில் அவர்களுடைய கால்களில் ஏறத்தாழ ஒரு கிலோ தசை குறைந்திருந்தது. நோயில்லாதவர்களுக்கே இந்நிலை. தசை குறைந்தவர் நாற்காலியிலிருந்து எழத் தடுமாறுவார். தடுமாறுபவர் மீண்டும் விழுவார். மலச்சிக்கலும் படுக்கைப்புண்ணும் பசியின்மையும் உடன் வந்து சேரும். இன்னொன்றும் உண்டு: நடக்கத் தடை விதிக்கப்பட்ட பெரியவர், அடுத்த முறை விழுந்தால் அதை வீட்டாரிடம் சொல்லமாட்டார். முழங்கையில் பழைய காயத்தழும்பைக் கண்டு நாங்கள் வினவும்போதுதான் பல குடும்பங்களுக்கு அச்செய்தி தெரியவருகிறது.

ஆகவே, விழுந்தவரைக் கடிந்துகொள்ளாமல், எப்போது, எங்கே, என்ன செய்துகொண்டிருந்தபோது விழுந்தார் என்பதை அமைதியாகக் கேட்டறியுங்கள். இரவில் சிறுநீர் கழிக்க எழுந்தவுடன் தலை சுற்றியது என்றால், எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தம் குறைகிறதா என்று பார்க்க வேண்டும். வீட்டில் கருவி இருந்தால் நீங்களே அளக்கலாம். ஐந்து நிமிடம் படுத்திருந்த பின் ஒரு முறை, நின்றவுடன் ஒரு நிமிடத்தில் ஒரு முறை, மூன்றாம் நிமிடத்தில் ஒரு முறை. அருகில் ஒருவர் பிடித்துக்கொள்ளத் தயாராக நிற்கட்டும். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் அதைக் குறித்துவைத்து மருத்துவரிடம் காட்டுங்கள். அத்தகையவர் படுக்கையின் ஓரத்தில் சற்று நேரம் அமர்ந்து, கால்களை அசைத்துவிட்டு எழுவது நல்லது.

இதற்குக் காரணம் பெரும்பாலும் மாத்திரைப் பையிலேயே இருக்கும். ரத்த அழுத்த மாத்திரை, நீர் மாத்திரை, தூக்க மாத்திரை, புராஸ்டேட் வீக்கத்துக்கான மாத்திரை ஆகியவை தனித்தனியே நன்மை செய்பவை. சேர்ந்தால் சிலரைத் தள்ளாட வைப்பவை. மாலையில் உட்கொள்ளும் நீர் மாத்திரை இரவில் பலமுறை எழுப்பும். எதையும் நீங்களாக நிறுத்திவிட வேண்டாம். மருந்துக்கடையில் சீட்டின்றி வாங்கியவை, நாட்டு மருந்துகள் உட்பட அனைத்தையும் ஒரே பையில் போட்டு எடுத்து வாருங்கள். ஒரே மருந்து இரு வேறு பெயர்களில் இரண்டு அட்டைகளாக இருப்பதை நாங்கள் பலமுறை கண்டிருக்கிறோம்.

வீட்டில் முதலில் கவனிக்க வேண்டியது, படுக்கைக்கும் கழிவறைக்கும் இடையேயுள்ள வழி. அவ்வழியில் இரவு விளக்கு எரியட்டும். சுருளும் மிதியடியும் தரையில் ஓடும் மின்கம்பியும் அகற்றப்படட்டும். நம் வீடுகளில் குளியலறைத் தளம் ஓரிரு அங்குலம் தாழ்ந்தே இருக்கும். அந்த விளிம்பில் பளிச்சென்ற நிறத்தில் பட்டை ஒட்டினால் கண்ணுக்குத் தெரியும். துண்டு போடும் கம்பி உடலின் எடையைத் தாங்காது. சுவரில் ஆழமாகத் திருகிய கைப்பிடியே தாங்கும். குந்தி அமரும் கழிப்பறையை மாற்ற வசதியில்லாவிட்டால், அதன் மேல் வைக்கும் இருக்கை கடைகளில் கிடைக்கிறது.

இனி நடை. கைப்பிடி உள்ள உறுதியான நாற்காலியைச் சுவரோரம் போட்டு, அமர்ந்து எழும் பயிற்சியை ஐந்து முறையில் தொடங்கலாம். ஊன்றுகோலின் உயரம், கையைத் தொங்கவிட்டு நிற்கும்போது மணிக்கட்டின் மடிப்பளவு இருக்க வேண்டும். வலியுள்ள காலுக்கு எதிர்ப்புறக் கையில் பிடிக்க வேண்டும். தாத்தாவின் பழைய தடி பாட்டிக்குப் பொருந்துவது அரிது! வெளியே வர இயலாதவர்களுக்காக, தமிழகத்தில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து அளிக்கும் இயன்முறைச் சிகிச்சையும் உண்டு. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

சில நிலைகளில் மட்டும் நடக்க வைக்க முயலக் கூடாது. விழுந்தவரின் ஒரு கால் குட்டையாகவும் வெளிப்புறம் திரும்பியும் தோன்றினாலோ, காலை ஊன்ற இயலாவிட்டாலோ இடுப்பெலும்பு முறிந்திருக்கலாம். அவரைத் தூக்கி நிறுத்தாமல் 108ஐ அழையுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை உட்கொள்பவர் தலையில் அடிபட்டால், வெளிக்காயம் இல்லாவிடினும் உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும். மூளையைச் சுற்றி மெல்லக் கசியும் ரத்தம் சில வாரங்கள் கழித்தும் வெளிப்படும். ஆதலால், அண்மையில் விழுந்தவருக்குப் புதிதாகத் தலைவலியோ மயக்கமான தூக்கமோ பேச்சில் குழப்பமோ தோன்றினால் வயதின் இயல்பு என்று விட்டுவிடாமல் அழைத்து வாருங்கள். விழுந்த நாளையும் மறவாமல் சொல்லுங்கள்.