பிள்ளைக்குக் கட்டும் லம்பின் துணி: சிக்கனமும் சுத்தமும்



கைப்பிள்ளை இருக்கும் வீட்டில் அரிசி, பால்மாவுக்கு அடுத்த பெரிய செலவு எது என்று கேட்டால், "பெம்பர்ஸ்தாங்க" என்று உடனே பதில் வரும். பெம்பர்ஸ் என்பது 1961இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ஒரு சரக்கின் பெயர். இன்றோ, கட்டிவிட்டுத் தூக்கிப் போடும் எல்லாவற்றுக்கும் நம் வாயில் அதே பெயர்தான். நம்மில் பலர் பிறந்த காலத்தில் லயத்துக் கொடியில் காய்ந்தது, பழைய வேட்டியைக் கிழித்த வெள்ளைத் துணி. மலாய்க்காரர் சொல்லும் 'லம்பின்' என்ற சொல் நம் வீடுகளிலும் புழங்கி நின்றுவிட்டது.

தாப்பா, தெமோ, பீடோர் வட்டாரத்தில் பால்மரம் நின்ற பல இடங்களில் இன்று செம்பனை நிற்கிறது. லயத்தை விட்டு மலிவு விலை வீடுகளுக்குப் போனவர்களும் உண்டு. வீடு மாறினாலும் பிள்ளைக்குத் துணி கட்டும் வேலை மாறவில்லை. அந்த வேலையைச் சிக்கனமாகவும் பிள்ளைக்குக் கெடுதல் வராமலும் செய்வது எப்படி என்று இங்கே பார்ப்போம்.

கணக்கு என்ன சொல்கிறது?

ஒரு பெம்பர்ஸ் 60 காசு என்று வைத்துக்கொள்வோம். நாளைக்கு 6 என்றால் மாதத்துக்கு 180. அதற்கு 108 வெள்ளி. 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி என்று ஆகியிருக்கிறது. அதில் நூற்றுக்கு ஆறு வெள்ளிக்கு மேல் இந்த ஒன்றுக்கே போய்விடும். துணி ஒன்று 3 வெள்ளி என்று வைத்தால், அதே 108 வெள்ளிக்கு மூன்று டஜன் துணி வாங்கலாம். அது பிள்ளை வளரும்வரை உழைக்கும். அடுத்த பிள்ளைக்கும் ஆகும். உங்கள் கடை விலையைப் போட்டு நீங்களே கணக்குப் பாருங்கள்.

ஆனால் துணிக்கும் செலவு உண்டு. சவர்க்காரம், தண்ணீர், எல்லாவற்றுக்கும் மேலாக உங்கள் உழைப்பு. ஆகையால் பகலில் துணி, இரவிலும் பஸ் பயணத்திலும் பெம்பர்ஸ் என்று கலந்து வைத்துக்கொண்டாலும் தவறில்லை. அதிலேயே செலவு பாதிக்கு மேல் குறையும்.

ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். பிள்ளையின் தோலில் படுவது துணி மட்டும் அல்ல, துணிக்குள் தங்கியிருப்பதும் சேர்ந்துதான் படும். கீழே சொல்வதெல்லாம் இதை வைத்துத்தான்.

எந்தத் துணி நல்லது?

பருத்தித் துணிதான் நல்லது. துணியை விரித்து ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உடனே பரவி உறிஞ்சினால் எடுத்துக்கொள்ளலாம். முத்துப் போல உருண்டு நின்றால் அதில் நைலான் கலந்திருக்கும், அல்லது கஞ்சி போகவில்லை என்று அர்த்தம். புதுத் துணியை மூன்று நான்கு முறை அலசிக் காயவைத்த பிறகுதான் கட்ட வேண்டும்.

நைந்து மெதுவான பழைய வேட்டி புதுத் துணியைவிட மேல். நாலு முழ வேட்டியை இரண்டடிச் சதுரமாக வெட்டினால் ஆறு துணி கிடைக்கும். ஓரத்தை மடித்துத் தைத்துவிடுங்கள். பிரிந்த நூல் பிள்ளையின் விரலிலோ ஆண் பிள்ளையின் குறியிலோ சுற்றி இறுக்கிவிடக்கூடும். கூடியவரை வெள்ளைத் துணியாக இருக்கட்டும். காரணம் பின்னால் சொல்கிறோம்.

பிறந்த பிள்ளைக்கு ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு துணி மாற்ற வேண்டி வரும். தினமும் துவைத்தால் இரண்டு டஜன் போதும். தாப்பா மலையடிவார ஊர். மத்தியானத்துக்கு மேல் மழை பிடித்தால் துணி காயாது. அப்படிப்பட்ட மாதங்களுக்கு மூன்று டஜன் இருந்தால் கவலையில்லை.

கட்டும் முறை

துணியை முக்கோணமாக மடித்துக் கட்டுவதே எளிது. தொப்புள் கொடி விழும்வரை துணியின் மேல் ஓரம் தொப்புளுக்குக் கீழே நிற்க வேண்டும். கொடி மேல் ஈரம் பட்டால் சீழ் பிடிக்கலாம். ஊக்கு குத்தும்போது உங்கள் இரண்டு விரலைத் துணிக்கும் பிள்ளையின் வயிற்றுக்கும் நடுவில் வைத்துக்கொள்ளுங்கள். குத்தினாலும் உங்கள் விரலில்தான் குத்தும். அரைஞாண் கயிற்றில் துணியைச் செருகி இறுக்க வேண்டாம்.

"காலை நீட்டிக் கட்டினாத்தான் கால் நேரா வரும்" என்று பெரியவங்க சொல்வாங்க. அது சரியில்லை. இரண்டு காலையும் நீட்டிச் சேர்த்து இறுகச் சுற்றினால் இடுப்பு மூட்டு நழுவ வழியுண்டு. தவளை போலத் தொடை விரிந்து, கால் மடங்கி அசையும்படி விடுவதுதான் இடுப்புக்கு நல்லது.

துணிக்கு மேல் போடும் பிளாஸ்டிக் ஜட்டி, காற்றுப் புகாமல் சூட்டையும் ஈரத்தையும் அடைத்து வைக்கும். வெளியே போகும்போது சிறிது நேரத்துக்குப் போடலாம். ஏணையில் தூங்கும் பிள்ளைக்கு வேண்டாம்.

மூக்கைச் சுளிக்க வைக்கும் அந்த வாடை

பால் வெட்டியவர்களுக்கு அமோனியாவைத் தெரியும். பால் உறைந்து போகாமல் இருக்க ஊற்றுவார்களே, கண்ணையும் மூக்கையும் எரிக்கும் அந்தத் தண்ணீர்தான். நேரமான மூத்திரத் துணியிலிருந்து வருவதும் அதே அமோனியா வாடைதான். மூத்திரத்தில் உள்ள யூரியாவைக் கிருமிகள் உடைத்து அமோனியா ஆக்குகின்றன. அது மலத்தோடு சேர்ந்தால் தோல் இன்னும் சீக்கிரம் புண்ணாகும். நம் மூக்கையே எரிப்பது பிள்ளையின் தோலை விட்டுவைக்குமா?

ஆகவே ஈரமானதும் மாற்றுங்கள். வெறும் தண்ணீரில் துடைத்து, ஒற்றி எடுத்து, சிறிது நேரம் காற்றாட விடுங்கள். பெண் பிள்ளையை முன்னிருந்து பின்னாகத் துடைக்க வேண்டும். சிவந்திருந்தால் வாசலினோ, துத்தநாகக் களிம்போ மெல்லப் பூசலாம். பவுடர் போட வேண்டாம். அந்தத் தூள் பிள்ளையின் மூச்சோடு உள்ளே போகும். அந்தக் காலத்தில் தூவிய போரிக் பவுடர் கூடவே கூடாது. அது புண் வழியாக உடம்பில் ஏறி விஷமாகும். இரண்டு மூன்று நாளில் ஆறாவிட்டாலோ, தொடை மடிப்பில் சிவந்து சுற்றிலும் சிறு புள்ளிகள் எழும்பினாலோ கிளினிக்கில் காட்டுங்கள். அது பூஞ்சைக் காளானாக இருக்கலாம், அதற்கு மருந்து வேறு. பக்கத்து வீட்டுக்காரரின் தோல் களிம்பை வாங்கிப் பூசிவிடாதீர்கள்.

துவைப்பது எப்படி?

முதலில் மலத்தைக் கக்கூசில் கொட்டுங்கள். கால்வாயில், ஆற்றில் அலச வேண்டாம். வயிற்றுப்போக்குக் கிருமி அந்த வழியாகத்தான் வீட்டுக்கு வீடு போகிறது. பச்சைத் தண்ணீரில் அலசி, பிறகு சவர்க்காரம் போட்டுத் துவையுங்கள். நுரை அறவே போகும்வரை மூன்று தண்ணீரில் அலசுங்கள். துணியில் நின்ற சவர்க்காரமும் தோலை அரிக்கும். வாசனைக்கு ஊற்றும் துணி மென்மைத் திரவம் வேண்டாம். அது போட்டால் துணி ஈரத்தை உறிஞ்சாது.

மூத்திரம் ஊறிய துணியில் நேராகக் குளோரோக்ஸ் ஊற்றாதீர்கள். அதுவும் அமோனியாவும் சேர்ந்தால் நெஞ்சை அடைக்கும் நச்சுப் புகை கிளம்பும். கறை போக வேண்டுமானால் வெயிலில் காயவையுங்கள். வாரம் ஒருமுறை கொதிக்கும் தண்ணீரில் போட்டு எடுப்பது நல்லது. மழை நாளில் அரைகுறையாகக் காய்ந்ததை இஸ்திரி போட்டு ஈரம் போக்குங்கள்.

துணி ஊறும் வாளியை மூடி வையுங்கள், அல்லது உயரத்தில் வையுங்கள். தவழும் பிள்ளை தலைகுப்புற விழுந்தால் ஒரு சாண் தண்ணீரே உயிரை வாங்கிவிடும். வேலை முடிந்ததும் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

வேலைத் துணி வேறு, பிள்ளைத் துணி வேறு

தோட்டத்தில் மருந்து அடிக்கும் வேலை செய்வோர் வீட்டில் இது மிக முக்கியம். பாராகுவாட் என்ற புல் மருந்துக்கு 2020 ஜனவரி முதல் நம் நாட்டில் தடை வந்துவிட்டது. ஆனாலும் வேறு மருந்துகள் அடிக்கப்பட்டே வருகின்றன. மருந்து தெறித்த சட்டையையும் கைலியையும் லம்பின் துணியோடு ஒரே வாளியில், ஒரே மெஷினில் போடக்கூடாது. மருந்து ஒரு துணியிலிருந்து இன்னொரு துணிக்கு ஏறும். பிள்ளைத் துணிக்குத் தனி வாளி வையுங்கள். பால் வெட்டும் துணிக்கும் இதே விதிதான். வேலை முடிந்து வந்தவுடன் குளித்து உடை மாற்றிய பிறகே பிள்ளையைத் தூக்குங்கள். துணியை மருந்து அடித்த வேலியோரச் செடிமேல் விரிக்காமல் கொடியில் போடுங்கள்.

பாச்சை உருண்டை: மறக்கக்கூடாத எச்சரிக்கை

மூத்த பிள்ளை வளர்ந்ததும் துணிகளை மடித்துப் பெட்டியில் போட்டு, நடுவில் நாலு பாச்சை உருண்டை வைப்பது நம் வழக்கம். கடையில் கபூர் பாரூஸ், உபாட் கெகாட் என்று கேட்டால் கிடைக்கும் வெள்ளை உருண்டைதான் அது. அடுத்த பிள்ளை பிறந்ததும் பெட்டியைத் திறந்து அப்படியே எடுத்துக் கட்டிவிடுகிறோம். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

அந்த உருண்டைகள் பலவற்றில் நாப்தலீன் என்ற இரசாயனம் இருக்கிறது. அதன் ஆவி துணியில் ஏறி, பிள்ளையின் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் இரத்தத்தில் சேரும். சில பிள்ளைகளுக்குப் பிறவியிலேயே ஜி6பிடி என்ற பொருள் இரத்தத்தில் குறைவாக இருக்கும். ஆண் பிள்ளைகளிடம் இது அதிகம் காணப்படும். அப்படிப்பட்ட பிள்ளைக்கு நாப்தலீன் பட்டால் சிவப்பணுக்கள் மளமளவென்று உடைந்து, கடுமையான மஞ்சள் காமாலை வரும். காமாலை முற்றினால் மூளை பாதிக்கப்படும், காது கேளாமல் போகும், உயிருக்கே ஆபத்தாகலாம்.

நம் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் பிள்ளை பிறந்ததும் தொப்புள்கொடி இரத்தத்தில் இதைச் சோதிக்கிறார்கள். முடிவு என்ன என்று மிஸ்ஸியிடம் கேட்டு, பிள்ளையின் சுகாதாரப் புத்தகத்தில் பாருங்கள். குறைவு என்று இருந்தால் எந்த டாக்டரிடம் போனாலும் அதை முதலில் சொல்லுங்கள். குறைவு இல்லை என்றாலும் பிள்ளைத் துணிப் பெட்டிக்குள் பாச்சை உருண்டை வேண்டவே வேண்டாம். ஏற்கனவே போட்டு வைத்த துணியென்றால், சிறு பிள்ளைக்குக் கட்டாமல் ஒதுக்கிவிடுவதே நல்லது. துணியை நன்றாகக் காயவைத்து, இறுக மூடும் டப்பாவில் வைத்தால் பூச்சி வராது.

துணி சொல்லும் சேதி

வெள்ளைத் துணி நல்லது என்று சொன்னோம் அல்லவா? காரணம் இதுதான். அதில் பிள்ளையின் நலம் எழுதியிருக்கும்.

முதல் வாரம் கழிந்த பிள்ளை ஒரு நாளைக்கு ஆறு துணியாவது நனைக்க வேண்டும். குறைந்தால் பால் போதவில்லையா என்று பார்க்க வேண்டும். வயிற்றுப்போக்கு உள்ள பிள்ளையின் துணி ஆறு மணி நேரம் நனையாமல் இருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். மூத்திரம் தேத்தண்ணீர் நிறத்தில் போனாலோ, கண்ணும் தோலும் மஞ்சளானாலோ, பிள்ளை வெளுத்து, பால் குடிக்காமல் சோர்ந்து கிடந்தாலோ ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. மலம் சுண்ணாம்பு போல வெளுத்துப் போனால், பிள்ளை நன்றாக இருப்பதுபோல் தெரிந்தாலும் அன்றே கிளினிக்கில் காட்டுங்கள். ஈரலிலிருந்து பித்தம் வரும் வழி அடைபட்டிருக்கலாம். அதைச் சீக்கிரம் கண்டுபிடித்தால்தான் அறுவை சிகிச்சை பலன் தரும். அந்தத் துணியைத் துவைத்துவிடாமல் கையோடு கொண்டு போங்கள்.

பிள்ளையைப் பார்த்துக்கொள்பவருக்கு

2023 ஜனவரி முதல் பிரசவ விடுமுறை 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்திருக்கிறது. அது முடிந்ததும் பிள்ளை பாட்டியிடமோ, ஆயாவிடமோ, பக்கத்து வீட்டு அக்காவிடமோதான் இருக்கும். காலையில் பிள்ளையை விடும்போது எண்ணி எட்டுத் துணி கொடுங்கள். ஈரத் துணி போட ஒரு பையும் கொடுங்கள். மாலையில், "பிள்ளை அழுதானா?" என்று மட்டும் கேட்காதீர்கள். "அக்கா, இன்னிக்கு எத்தனை துணி நனைச்சான்?" என்று கேளுங்கள். நனைந்த துணியைக் கண்ணால் பாருங்கள்.

இந்தப் பக்கத்தை வீட்டுப் பெரியவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள். பழைய பெட்டியைத் திறந்து துணி எடுத்துத் தருவது பெரும்பாலும் அவர்கள்தான். உள்ளே பாச்சை உருண்டை இருந்தால் இன்றே எடுத்துப் போட்டுவிடச் சொல்லுங்கள்.