தடித்த பட்டை எழுத்து: இயல்பும் பயனும்

மைசூர் நகரின் மண்டி மொஹல்லா, மொத்த வாணிகக் களத்தைக் குறிக்கும் 'மண்டி' என்ற சொல்லைப் பெயரிலேயே கொண்ட பகுதி. மண்டிகளில் வந்திறங்கும் சாக்குகளின்மீது சரக்கின் பெயரும் எடையும், தகரத் தகட்டில் வெட்டிய எழுத்துகளின் வழியே மை தடவிப் பதிக்கப்படுவதுண்டு. சாக்கின் இழை முரடு, மை பரவும், பதிப்பவருக்கோ அவசரம். இத்தகைய இடத்திற்கு எவ்வகை எழுத்து ஏற்றது என்னும் வினா, சுவர்ப் படங்கள் தயாரிக்கும் ஆசிரியருக்கும் களப் பணியாளருக்கும் உரியதே.

ரோமன் எழுத்தில் கோடு முடியும் இடத்தில் குறுக்கே நிற்கும் சிறு முனைக்கு ஸெரிப் என்று பெயர். நூல்களில் இது பெரும்பாலும் மெலிந்திருக்கும். அதனையே செங்கல் போலத் தடித்த பட்டையாக்கினால் கிடைப்பது பட்டை ஸெரிப் எழுத்து. இதன் கோடுகளின் கனத்தில் வேறுபாடு குறைவு. ஆகவே, முரட்டுத் தாளில் அச்சிட்டாலும் மெல்லிய கோடு விட்டுப்போய் எழுத்து சிதைவதில்லை. தகட்டில் வெட்டும்பொழுது உட்பகுதி கழன்று விழாதிருக்க இடையிடையே இணைப்பு விடவேண்டும். அதனால் கோடு துண்டுபட்டாலும் கனத்த முனைகள் எழுத்தை அடையாளம் காட்டிவிடும். 1937-இல் அமெரிக்காவில் வெளிவந்த 'ஸ்டென்ஸில்' என்னும் அச்செழுத்து இவ்வடிவைத் தழுவியதே.

இவ்வகை எழுத்து விளம்பரத்திற்காகப் பிறந்தது. லண்டனில் வின்சென்ட் ஃபிக்கின்ஸ் 1817-ஆம் ஆண்டளவில் இதனை 'ஆண்டிக்' என்ற பெயரில் வெளியிட்டார். பின்னர் இது 'எகிப்தியன்' என்றும் வழங்கிற்று. எகிப்து நாட்டு எழுத்துக்கும் இதற்கும் உறவு எதுவும் இல்லை! 1845-இல் ராபர்ட் பெஸ்லியின் வார்ப்பகம் 'கிளாரெண்டன்' என்னும் வகையை வெளியிட்டு, மூன்றாண்டு உரிமைக் காப்பும் பெற்றது. காப்பு முடிந்ததும் பிறர் அதனைத் தாராளமாகப் பின்பற்றினர். சாதாரண எழுத்தின் நடுவே ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்காட்டுவதற்கு அது மிக ஏற்றதாயிருந்தது. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் தலைச்சொற்கள் கிளாரெண்டனில் அமைந்தவை.

எனினும், கனம் கூடக்கூடத் தெளிவும் கூடும் என்று எண்ணுவது பிழை. கனம் மிகுந்த '3' என்னும் இலக்கத்தின் இரு முனைகளும் உட்புறம் வளைந்து நெருங்குகின்றன. மை சற்றே பரவினால் அது '8' ஆகிவிடும். பூச்சிமருந்து கலக்கும் அளவைக் காட்டும் படத்தில் இதன் விளைவு என்னவாகும் என்று சொல்லவேண்டுவதில்லை. தமிழ் எழுத்தில் இடர் இன்னும் மிகுதி. ஸெரிப் இல்லாத நம் எழுத்தின் உயிர், சுழியிலும் புள்ளியிலும் உள்ளது. சுழி அடைபட்டால் 'மணம்' எது, 'மனம்' எது என்று தெரியாது. புள்ளி மேற்கோட்டுடன் ஒட்டிக்கொண்டால் மெய்யெழுத்து உயிர்மெய்யாகத் தோன்றும். ஆங்கில எழுத்தின் கனத்தை அப்படியே தமிழுக்கு ஏற்றும் ஓவியர் பலர் இதனைக் கருதுவதில்லை.

ஆகவே, தலைப்பிற்கும் எச்சரிக்கைச் சொல்லுக்கும் தடித்த எழுத்தைக் கையாளலாம். அளவுகளையும் நீண்ட விளக்கங்களையும் நடுத்தரக் கனத்தில், சுழியினுள் போதிய வெள்ளிடம் விட்டு எழுதுதல் வேண்டும். படத்தை அச்சுக்கு அனுப்புமுன், அது எந்தத் தாளில் அச்சாகுமோ அதே தாளில் ஒரு படி எடுத்து, வகுப்பின் கடைசிப் பலகையிலிருந்து ஒரு மாணவனைக் கொண்டு இலக்கங்களை உரக்கப் படிக்கச் செய்க.