சாம்பார் பிறந்த கதையும் பருப்பு வேகும் கதையும்

முத்துப்பேட்டை காவிரியின் கடைமடை. பாமணியாறும் கோரையாறும் இங்கேதான் அலையாத்திக் காடுகளுக்கு நடுவே உள்ள காயலில் வந்து கலக்கின்றன. கடல் அருகில் இருப்பதால் இந்தப் பக்கத்தில் உப்புக் கரிக்கும் கிணறுகள் உண்டு. அப்படிப்பட்ட கிணற்றுத் தண்ணீரில் துவரம்பருப்பை வேகவைத்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். “எவ்வளவு நேரம் எரித்தாலும் பருப்பு மலரவே மாட்டேன் என்கிறது” என்பார்கள். இதற்குக் காரணம் என்ன? அதைப் பார்ப்பதற்கு முன்னால் சாம்பாரைப் பற்றி வழங்கும் ஒரு கதையைக் கேளுங்கள்.

தஞ்சையை 1676-இல் கைப்பற்றியவர் சிவாஜியின் தம்பி ஏகோஜி. அவருடைய மகன் ஷாஜி 1684 முதல் 1712 வரை அரசாண்டார். மராட்டியர்களுக்குப் பிடித்தமான ஆம்டி என்னும் பருப்புக் குழம்புக்குப் புளிப்பு தருவது கோகம் பழத்தின் தோல். அது ஒருநாள் அரண்மனையில் தீர்ந்துவிட்டதாம். அதற்குப் பதிலாகப் புளியைக் கரைத்து ஊற்றினார்களாம். அன்று விருந்தாளியாக வந்திருந்தவர் சிவாஜியின் மகன் சாம்பாஜி. அவர் பெயரால் அது ‘சாம்பார்’ ஆயிற்றாம்!

சுவையான கதைதான். எனக்கும் பிடிக்கும். ஆனால் பிடித்திருக்கிறது என்பதற்காக ஒன்றை வரலாறு என்று எழுதிவிட முடியாது. சாம்பாஜி 1689-இல் ஔரங்கசீப்பால் கொல்லப்பட்டார். ஆகவே விருந்து நடந்திருந்தால் 1684-க்கும் 1689-க்கும் இடையில்தான் நடந்திருக்க வேண்டும். அந்த ஐந்தாண்டுகளில் அவர் முகலாயருடன் ஓயாத போரில் இருந்தார். மேலும், ‘சம்பாரம்’ என்று ஒரு சொல் தமிழில் உண்டு. குழம்புக்குச் சேர்க்கும் மசாலாப் பொருள்களுக்கு அந்தப் பெயர். மலையாளத்தில் அதே சொல் தாளித்த மோரைக் குறிக்கிறது. சாம்பாரின் பெயருக்கு அரச விருந்தாளியைத் தேட வேண்டிய அவசியம் இல்லை என்றே தோன்றுகிறது.

கதையில் ஒரு பகுதி மட்டும் இயற்கையோடு ஒத்துப்போகிறது. கோகம் மரம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் கொங்கணத்திலும் வளர்வது. டெல்டாவின் களிமண் வயலில் வளராது. தஞ்சையில் குடியேறிய மராட்டியர் கைக்கு எட்டிய புளிப்பு, புளிதான். அதுவும் ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட மரம்! ஆனால் மிகப் பழங்காலத்திலேயே இங்கு வந்துவிட்டது. சங்க இலக்கியத்திலேயே புளி பேசப்படுகிறது.

மற்றப் பொருள்கள்? மிளகாய் அமெரிக்காவிலிருந்து, வாஸ்கோ ட காமா 1498-இல் வந்திறங்கிய பிறகு போர்ச்சுகீசியர் வழியாக வந்தது. பெருங்காயம் ஈரான், ஆப்கானிஸ்தான் செடிகளின் பால்; இமாசலப் பிரதேசத்தில் அதைப் பயிரிடும் முயற்சி 2020-இல்தான் தொடங்கியது. துவரை நம் நாட்டுப் பயிர். அதன் காட்டு இனம் ஒடிசா, பஸ்தர் மலைப்பகுதிகளில் இன்றும் இருக்கிறது. ஆனால் துவரைக்கு வேரில் தண்ணீர் தேங்கினால் ஆகாது. எனவே நெல் வயலுக்கு அது ஏற்றதல்ல. டெல்டா விவசாயி சம்பா, தாளடி அறுவடைக்குச் சில நாள் முன்பே, நிற்கும் பயிருக்குள் உளுந்தையும் பச்சைப்பயறையும் தெளித்துவிடுவார். வயலில் மிச்சமிருக்கும் ஈரத்திலேயே அவை விளைந்துவிடும். ஆக, ‘தஞ்சாவூர் சாம்பாரின்’ பருப்பே பெரும்பாலும் வெளியூர்ச் சரக்கு!

இப்போது வேகாத பருப்புக்கு வருவோம். பருப்பின் செல்களை ஒன்றோடொன்று பசைபோல ஒட்டிவைத்திருப்பது பெக்டின் என்னும் பொருள். கொதிநீரில் பெக்டின் கரைந்தால் செல்கள் பிரியும், பருப்பு குழையும். நீரில் கால்சியம், மக்னீசியம் உப்புகள் மிகுந்திருந்தால் அவை பெக்டின் இழைகளுக்கிடையே பாலம் போட்டு இறுக்கிவிடுகின்றன. இத்தகைய நீரே கடினநீர். கடல்நீரில் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 400 மில்லிகிராம் கால்சியமும் 1300 மில்லிகிராம் மக்னீசியமும் உள்ளன. அது நிலத்தடி நீரில் கலந்தால் என்ன ஆகும்? சோப்பு நுரைக்காது; பருப்பும் வேகாது. இங்கே குற்றவாளி நாம் சமையலில் போடும் சோடியம் உப்பு அல்ல என்பதைக் கவனியுங்கள்.

புளியும் இதே வேலையை வேறு வழியில் செய்கிறது. அதிலுள்ள டார்டாரிக் அமிலம் நீரை அமிலத் தன்மையுள்ளதாக்குகிறது. அமில நீரில் பெக்டின் மெதுவாகவே கரையும். பருப்பைத் தனியே வேகவைத்துக் கடைந்து, பிறகே புளிக்கரைசலில் சேர்க்க வேண்டும் என்று பாட்டிமார் சொல்வது இதனால்தான். சிலர் ஆப்பச் சோடா போடுவார்கள். அந்தக் காரத்தில் பருப்பு சீக்கிரம் குழையும். ஆனால் தயாமின் என்னும் வைட்டமின் பி1 அழிந்துபோகும்.

நீங்களே சோதித்துப் பாருங்கள். மூன்று சிறிய பாத்திரங்களில் ஒரே அளவு துவரம்பருப்பு போடுங்கள். முதலாவதில் மழைநீர், இரண்டாவதில் மழைநீருடன் நெல்லிக்காயளவு புளியின் கரைசல், மூன்றாவதில் சோப்பு நுரைக்காத கிணற்று நீர். வீட்டுப் பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மூன்றையும் திறந்த பாத்திரமாகவே ஒரே அளவு தீயில் கொதிக்க விடுங்கள். குக்கர் வேண்டாம், அதன் அழுத்தம் வேறுபாட்டை மறைத்துவிடும். பத்து நிமிடத்திற்கு ஒருமுறை ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு பருப்பைக் கரண்டியில் எடுத்து, ஆறியபின் இரு விரல்களுக்கிடையே நசுக்கிப் பார்த்து, எது எத்தனை நிமிடத்தில் மசிகிறது என்று நோட்டில் குறித்து வையுங்கள்.