வழுக்கையாறு பார்க்கப் போறியளோ?

தம்பிமார், தங்கச்சிமார், எங்கட யாழ்ப்பாணக் குடாநாட்டிலயும் ஒரு ஆறு ஓடுது. தெல்லிப்பளைப் பக்கத்து மழைவெள்ளத்தைச் சேர்த்து, அளவெட்டி, கந்தரோடை, சண்டிலிப்பாய், நவாலிப் பக்கமா ஏறத்தாழ 15 கிலோமீற்றர் ஓடி, அராலியில கடல்நீரேரியோட கலக்கிற வழுக்கையாறு. ஊருக்கு லீவில வாறவையில கனபேர் அதைக் காணாமலே திரும்பிப் போகினம். நீங்கள் அப்பிடிப் போகக் கூடாது.

எப்ப போறது: கார்த்திகை, மார்கழி, தைதான் காலம். கோடையில போனால் வெறும் பள்ளமும் புல்லும்தான். ஆனா அடைமழை நேரத்தில வேண்டாம். 2008 கார்த்திகையில நிஷா புயலோட வந்த வெள்ளம் யாழ்ப்பாணத்தையே மூடினது. மழை விட்டு, வெள்ளம் கொஞ்சம் வடிஞ்சாப் பிறகு காலமை வெளிக்கிடுங்கோ.

எப்பிடிப் போறது: சுன்னாகம் மட்டும் பஸ்ஸிலயோ ரயிலிலயோ வரலாம். அதுக்குப் பிறகு சைக்கிள்தான் நல்லது. ஒழுங்கைகளும் மதகுகளும் உள்ள வழி, வாகனத்தில போனால் ஆறு கண்ணில படாது. வழி தெரியாட்டி வயலில நிக்கிற ஐயாமாரைக் கேளுங்கோ.

கந்தரோடையில இறங்குங்கோ: 1917 அளவில வரலாற்றாசிரியர் போல் பீரிஸ் ஆராய்ஞ்ச சின்னச் சின்னக் கல் தூபிகள் அங்க இருக்கு. சுத்திப் பாருங்கோ, மேல ஏறாதேங்கோ.

வயல் வரம்பு: அந்த மாசங்கள் காலபோக நெல் நிக்கிற நேரம். கேட்டுப்போட்டு இறங்குங்கோ, பயிரை மிதியாதேங்கோ. புடையன் பாம்பு இருக்கும், அதால செருப்பு வேண்டாம், மூடின சப்பாத்துப் போடுங்கோ. பாம்பு கடிச்சால் வெட்டவோ இறுக்கிக் கட்டவோ கூடாது. காலை அசைக்காமல் வைச்சு, 1990 எண்ணுக்கு அடிச்சு அம்புலன்ஸைக் கூப்பிடுங்கோ.

தண்ணிக்குள்ள இறங்காதேங்கோ: வெள்ளம் கலங்கி ஓடேக்க ஆழம் தெரியாது. பிள்ளையளின்ர கையை விடாதேங்கோ.

அராலியில முடியுங்கோ: பின்னேரம் பாலத்தடியில கொக்கு, நாரையெல்லாம் மேயும். தூரத்தில நிண்டு பார்த்தால் பறக்காது.

கடைசியா, ஒரு வெறும் பையும் கொண்டு போங்கோ. எங்கட நிலம் சுண்ணக்கல். ஆத்திலயும் குளத்திலயும் நிக்கிற தண்ணி கீழ இறங்கித்தான் கிணறுகள் ஊறுது. போத்தலோ ஷொப்பிங் பையோ அங்க எறிஞ்சால், அது நாங்கள் குடிக்கிற தண்ணியிலதான் சேரும். உங்கட குப்பையோட, வழியில கிடக்கிற நாலு போத்தலையும் பொறுக்கிக்கொண்டு வாங்கோ.